தேர் கொடுத்த மறுநாள்

முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்த பாரியின் கதையை அறியாத தமிழர் அநேகமாக இருக்க மாட்டார்கள். பறம்பு மலைத் தலைவன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். காட்டு வழியே தேரில் போகிறான். பற்றிப் படர ஒரு கொம்பும் இல்லாமல் காற்றில் தவித்துக் கொண்டிருக்கும் முல்லைக் கொடி ஒன்று அவன் கண்ணில் படுகிறது. தேரை அங்கேயே நிறுத்தி, கொடியை எடுத்து அதன்மேல் படரவிட்டுவிட்டு நடந்தே திரும்புகிறான் என்பது கதை. புறநானூறும் சிறுபாணாற்றுப்படையும் இந்தக் கொடையைப் போற்றுகின்றன. பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் நாமும் போற்றியிருக்கிறோம்.

எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு. மறுநாள் என்ன நடந்தது?

ஒரு தேர் எவ்வளவு உயரம் இருந்துவிடப் போகிறது? நல்ல மழைக்காலமாக இருந்தால் முல்லை சில வாரங்களிலேயே அதை மூடியிருக்கும். பிறகு பக்கத்தில் ஏதாவது மரம் இருந்தால் அதற்குத் தாவியிருக்கும். மரம் இல்லாவிட்டால் தன் மேலேயே தான் சுற்றிப் பின்னிக் கொண்டு புதராகியிருக்கும். அரண்மனையிலிருந்து யாராவது போய்ப் பார்த்தார்களா? எந்தப் புலவரும் அதைப் பாடவில்லை.

பாரியைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. வள்ளல்களின் வாழ்க்கையில் கொடுத்த நாள்தான் கணக்கு. குடும்பஸ்தர்களாகிய நம்முடைய வாழ்க்கையிலோ மறுநாள்களே அதிகம். ஒருவருக்குக் கை கொடுப்பது ஒரு நிமிஷத்து வேலை. கொடுத்த கையை வைத்துக் கொண்டு அடுத்த பத்து வருஷங்கள் என்ன செய்வது என்பதுதான் வாழ்க்கை. கொடி வளர்ப்பவனுக்கும் இதே சங்கடம் இருக்கிறது.

என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொஞ்சம் மண்ணில் பந்தல் போட்டுப் பாகலும் புடலும் வளர்க்கிறேன். வாசல் பக்கம் ஒரு முல்லை நிற்கிறது. பேனா ஓடாத காலை வேளைகளில் அவற்றின் அருகே போய் நிற்பது வழக்கம். கொடிகளோடு பழகியவர்களுக்குத் தெரியும்; அவற்றை வளர்ப்பது எளிது, வரம்புக்குள் வைத்திருப்பதுதான் கடினம். கத்தரியைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் மனத்துக்குள் ஒரு குரல் கேட்கிறது. 'இதை வெட்ட உனக்கு என்ன உரிமை? கொம்பு நட்டுக் கொடுத்தாய் என்பதற்காகவா?'

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்கு முன்னால் கொடியைப் பற்றி உலகம் வைத்திருக்கிற தவறான எண்ணம் ஒன்றைத் தள்ளிவிட வேண்டும். கொடி என்றால் சோம்பேறி, பிறர் முதுகில் ஏறிப் பிழைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உழைக்காத மனிதனை 'ஒட்டிக் கொண்டு வாழ்கிறான்' என்று ஏசும்போது அவர்கள் மனத்தில் இருப்பது கொடியின் உருவம்தான்.

உண்மை வேறு. மரம் தன் வாழ்நாளின் சேமிப்பில் பெரும் பகுதியை அடிமரம் கட்டுவதற்குச் செலவிடுகிறது. அந்தச் செலவைக் கொடி செய்வதில்லை; மிச்சப்படுத்தியதையெல்லாம் நீளத்திலும் இலையிலும் போடுகிறது. அதற்காகப் பட வேண்டிய பாடும் அதற்கு உண்டு. அவரையும் சங்குபுஷ்பமும் தண்டாலேயே கொம்பைச் சுற்றி ஏறுகின்றன. பாகலும் புடலும் பீர்க்கும் மெல்லிய பற்றுக்கம்பிகளை நீட்டித் துழாவுகின்றன. வெற்றிலையும் மிளகும் கணுக்களில் வேர்விட்டுப் பிடித்துக் கொள்கின்றன. காகிதப்பூ முள்ளை ஊன்றியும் மனோரஞ்சிதம் கொக்கியை மாட்டியும் ஏறுகின்றன.

சார்லஸ் டார்வின் நோயுற்று அறைக்குள்ளேயே அடைபட்டிருந்த காலத்தில், தொட்டியில் இருந்த ஒரு கொடியை இரவும் பகலும் பார்த்துக் கொண்டிருந்தார். அதன் நுனி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வட்டமடித்துக் கொம்பைத் தேடுவதைக் கண்டு குறித்து வைத்தார். ஏறு கொடிகளைப் பற்றிய அந்த ஆராய்ச்சி 1865-இல் வெளிவந்தது. நாம் அசையாமல் கிடப்பதாக நினைக்கிற கொடி, நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓயாமல் தேடிக் கொண்டிருக்கிறது.

பாகல் கொடியின் பற்றுக்கம்பியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கொம்பைப் பிடித்த பிறகு அது சுருள் சுருளாகச் சுருங்கும். பாதி தூரம் ஒரு திசையில் சுற்றும். நடுவில் ஓர் இடத்தில் திரும்பி, மறுபாதி எதிர்த் திசையில் சுற்றும். இரண்டு நுனியும் கட்டுண்ட ஒரு நூல், முறுக்கேறாமல் சுருள்வதற்கு வேறு வழி இல்லை. அந்தச் சுருள் வில்லைப் போல வேலை செய்கிறது. பெருங்காற்றில் கொடி போய் வந்து ஆடும், அறுந்து விழாது. சார்ந்து நிற்பவன் முறியாமல் நிற்பதற்கும் ஒரு திறமை வேண்டியிருக்கிறது.

மாமரத்தின் மேல் முளைக்கும் புல்லுருவியையும், இலையே இல்லாமல் மஞ்சள் நூல்போல் வேலியை மூடும் கொத்தானையும் இதனோடு சேர்க்கக் கூடாது. அவை ஏறிய மரத்தின் உடலுக்குள் குழல் இறக்கிச் சாற்றை உறிஞ்சுபவை. கொடியின் வேர் தன் சொந்த மண்ணில் இருக்கிறது. தன் சோற்றைத் தானே இலையில் சமைத்துக் கொள்கிறது. அது பிறரிடம் கேட்பது நிற்க இடம் ஒன்றைத்தான். வீட்டுக்கு வந்து தங்கிப் படிக்கிற மருமகனையும், வீட்டையே விழுங்க வந்தவனையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது அநியாயம் அல்லவா?

ஆகவே கொம்பு கொடுப்பது தானம் அல்ல, கடமை என்றே சொல்வேன். அதைக் காலத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் பக்கத்துப் பக்கத்துக் கொடிகள் ஒன்றை ஒன்று பற்றிக் கொண்டுவிடும். பிறகு பிரிக்கப் போனால் இரண்டும் ஒடியும். கையில் பிடிக்க எதுவும் கிடைக்காத இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பற்றிக் கொண்டு தெருமுனையில் நிற்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொடிகள் நினைவுக்கு வரும்.

சரி, கொம்பு கொடுத்தாயிற்று, கொடி ஏறிவிட்டது. இனிமேல்தான் மறுநாள்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். அவர் வீட்டு முல்லை, மாடிக் கைப்பிடிச் சுவரை மூடி, பக்கத்து முருங்கையையும் தொட்டிருந்தது. அதன்மேல் கத்தரி படுவதற்கு அவர் சம்மதிக்கவே மாட்டார். ஒரு நாள் நான் மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"பச்சைப் பிள்ளை மாதிரி தளதளன்னு நிக்குது. அதை எப்படித் தம்பி வெட்டறது? பாவம் இல்லையா?" என்றார்.

அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். உலகத்தில் அதற்குப் பஞ்சம் இருக்கிறது. ஆனால் அவருடைய முல்லை வர வரப் பூப்பதைக் குறைத்துக் கொண்டது. பூத்த நாலு பூவும் கை எட்டாத உச்சியில் பூத்தது. உள்ளே இலை இல்லாத காய்ந்த குச்சிகள், தூசி, ஓணான். ஒரு காற்று மழையில் சுமை தாங்காமல் முருங்கைக் கிளை முறிந்து விழுந்தது. முருங்கை வலுவற்ற மரம் என்பது பழமொழி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாட்டி இரக்கம் காட்டியது கொடிக்கு. தண்டனை அனுபவித்தது முருங்கை.

முல்லையும் மல்லிகையும் புதிய தளிரில்தான் பூக்கும். அதனால்தான் பூந்தோட்டக்காரர்கள் மல்லிகைக்குக் கார்த்திகையிலும், முல்லைக்குத் தை மாதத்திலும் கவாத்துச் செய்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு பதறும். மொட்டைக் குச்சியாக நிற்கும். அப்புறம் வெயில் ஏறுகிற மாதங்களில் செடி தெரியாமல் பூக்கும். சுரைக்கொடியும் அப்படித்தான். நடுத்தண்டை அதன் போக்கில் ஓடவிட்டால் பெரும்பாலும் ஆண் பூக்களாகவே பூத்து உதிரும். பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் ஓடும். பெண் பூக்கள் அவற்றில்தான் மிகுதி. காய் வேண்டுமென்றால் கிள்ளத்தான் வேண்டும். ஓடுவது வேறு, காய்ப்பது வேறு.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் பல தகப்பனார்களுக்கும் பல மேலதிகாரிகளுக்கும் மிகவும் திருப்தியாக இருக்கும். 'பார்த்தாயா, வெட்டுவதே அன்பு என்று எழுத்தாளரே சொல்லிவிட்டார்' என்பார்கள். பிறரை அடக்கி ஆண்ட எல்லோரும் சொல்லி வந்த வாக்கியம் ஒன்று உண்டு: 'எல்லாம் உன் நன்மைக்காகத்தான்.' அதனால் இன்னும் கொஞ்சம் தூரம் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புடலங்காய்க்குக் கல் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பிஞ்சின் நுனியில் நூலால் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். காய் சுருளாமல் நேராக நீளும். கல் கட்டாவிட்டால் பாம்புபோல் வளைந்து வளரும். வளைந்த புடலங்காய்க்குச் சுவை குறைவா? இல்லை. விதை குறைவா? அதுவும் இல்லை. நேரான காய் கூடையில் அடுக்க வசதி. சந்தையில் விலை போகும். கல் கட்டுவது காய்க்காக அல்ல, கூடைக்காக.

சந்தைக்கு விளைவிப்பவன் கல் கட்டுவதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. புடலங்காய்க்கு அதனால் மன வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் நம் வீடுகளில் பிள்ளைகளின் கழுத்தில் எத்தனை கற்கள் தொங்குகின்றன! சித்திரம் எழுதுகிறவனைக் கணக்குப் படிக்க வைக்கிறோம். பாடுகிற பெண்ணை வாயை மூடிக் கொண்டு பரீட்சைக்கு உட்காரச் சொல்கிறோம். நேராக வளர்கிறார்கள், கூடைக்குள் நன்றாக அடங்குகிறார்கள். கேட்டால், கவாத்துச் செய்தோம் என்கிறோம். கவாத்து வேறு, கல் வேறு.

இப்போது அடுக்குமாடி வீடுகளில் தோட்டத்துக்கு இடம் ஏது? கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் ஊற்றி ஒரு மணி பிளான்ட் வைத்துக் கொள்கிறோம். கேட்டு வாங்கி வைத்தால் பணம் வராது, திருடி வைத்தால்தான் வரும் என்றொரு நம்பிக்கை வேறு. நீதி நூல்களை மனப்பாடம் செய்தவர்கள்கூட இந்த ஒரு திருட்டுக்கு மட்டும் தங்களுக்கு விலக்கு அளித்துக் கொள்கிறார்கள்! அது போகட்டும். பசிபிக் பெருங்கடலில் உள்ள ஒரு தீவிலிருந்து உலகமெங்கும் பரவிய கொடி அது. புட்டியில் அதன் இலை வெற்றிலை அளவு இருக்கும். ஆண்டுக் கணக்கில் அப்படியே இருக்கும். அதே கொடி மண்ணில் ஊன்றி ஒரு பெரிய மரத்தில் ஏறினால், ஒவ்வோர் இலையும் முறம்போல் விரிந்து, ஓரங்களில் கிழிந்து, வேறு ஜாதிச் செடியோ என்று மலைக்க வைக்கும். புட்டியில் நாம் பார்ப்பது அதன் குழந்தைப் பருவத்தைத்தான். நாம் அதை வெட்டவில்லை, அடிக்கவில்லை. தண்ணீர் மாற்றி அன்பாகத்தான் வளர்க்கிறோம். ஆனாலும் அது வளர்ந்து பெரியதாகும் வாய்ப்பை நம்முடைய மேசையின் அளவு தீர்மானித்துவிடுகிறது.

கத்தரியை எடுக்கும்போது கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி இப்போது கொஞ்சம் தெளிவாகிறது. இந்த வெட்டு யாருக்காக? கொடி பூக்க வேண்டும் என்பதற்காகவா? அது சாய்ந்து நசுக்குகிற முருங்கைக்காகவா? அல்லது என் கூடைக்காகவும் என் மேசைக்காகவுமா? முதல் இரண்டும் தர்மம். மூன்றாவது நம் சௌகரியம். சௌகரியம் பார்ப்பது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன்; வீடு என்றால் இட நெருக்கடி இருக்கத்தான் செய்யும். ஆனால் சௌகரியத்துக்குத் தர்மம் என்று பெயர் சூட்டக் கூடாது. 'இடம் இல்லை, அதனால் வெட்டுகிறேன்' என்று சொல்லி வெட்டுகிறவன், அடுத்த தடவை கொஞ்சம் இடம் பண்ணிக் கொடுக்க முயல்வான். 'உன் நன்மைக்காக' என்று சொல்கிறவன் ஒருநாளும் முயல மாட்டான்.

இதற்கு மேலும் ஒரு பாடம் உண்டு. அதைக் கொடிக்கால்களில் படிக்கலாம். சோழவந்தான் பக்கம் போனால் வெற்றிலைக் கொடிக்கால்களைக் காணலாம். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே நுழைந்தால் கோயில் பிராகாரம்போல் குளிர்ந்திருக்கும். அங்கே வெற்றிலைக் கொடிக்குப் பட்ட குச்சியை நடுவதில்லை. முதலில் அகத்தியை விதைத்து வளர்க்கிறார்கள். அது ஓரளவு எழுந்த பிறகுதான் வெற்றிலைக் காம்பை ஊன்றி, கொடி ஏற ஏற அகத்தியோடு இதமாகக் கட்டிவிடுகிறார்கள். கொம்பும் உயிருள்ளது, கொடியும் உயிருள்ளது. கொடி மிக உயர்ந்துவிட்டால் அதை இறக்கி, அடியில் சுருட்டி மண்ணில் பதித்து மறுபடி ஏறவிடுகிறார்கள். கொடிக்குக் கட்டுப்பாடு அவ்வளவு.

ஆனால் அகத்திக்கும் அங்கே வெட்டு உண்டு! அதன் தலையை ஓர் உயரத்தில் கழிப்பார்கள். தழை அடர்ந்தால் கொய்துவிடுவார்கள். அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகும். ஏன்? வெற்றிலைக்கு நிழல் வேண்டும்; நிழல் அடர்ந்தாலோ வெளிச்சம் இல்லாமல் இலை நலியும். தாங்குகிறவன் கொஞ்சம் தன்னைக் குறைத்துக் கொள்ளாவிட்டால் தாங்கப்படுகிறவன் தேறுவதில்லை. கொடியை மட்டும் கழித்து அகத்தியைக் கழிக்காத கொடிக்கால்காரரை நான் பார்த்ததில்லை. குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். தகப்பனார் இளமையிலேயே காலமாகிவிட, குமாஸ்தா சம்பளத்தில் இரண்டு தம்பிகளையும் ஒரு தங்கையையும் ஆளாக்கியவர். தமக்கென்று ஒரு நல்ல சட்டை தைத்துக் கொள்ளாதவர். தேரைக் கொடுத்துவிட்டு நடந்து போன மனிதர் என்றே அவரைச் சொல்லலாம். தம்பிகளுக்கு இப்போது நாற்பது வயதாகிறது. இன்னமும் வீட்டுக்கு ஒரு மின்விசிறி வாங்குவதென்றாலும் "அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்" என்பார்கள். இளைய தம்பிக்கு வெளியூரில் பதவி உயர்வு வந்தது. "இங்கே உனக்கு என்னடா குறை?" என்று அண்ணன் கேட்டார். அவர் கோபித்துக் கொள்ளவில்லை, தடுக்கவில்லை. அந்த ஒரு கேள்விதான் கேட்டார். தம்பி உத்தியோக உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

இந்தக் கதையில் கெட்டவர் ஒருவரும் இல்லை. நாவலில் எழுதினால் 'வில்லன் எங்கே?' என்று நீங்களே கேட்பீர்கள். அண்ணன் உத்தமர், தம்பி நன்றி உள்ளவன். நிழல்தான் அடர்ந்துவிட்டது. அந்தத் தம்பியின் மனைவி ஒரு நாள் என் மனைவியிடம், "எங்களுக்கு என்ன அக்கா, குறை ஒண்ணும் இல்லை" என்று சொன்னாளாம். சொன்ன குரலை என் மனைவி எனக்கு நடித்துக் காட்டினாள். குறை ஒன்றும் இல்லாத அந்தக் குரலை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

கொடுத்தவனுக்கு மறுநாள் வருகிற பெரிய சோதனை இதுதான். கொடுத்த காரணத்தாலேயே அவனுக்கு ஓர் உயரம் கிடைத்துவிடுகிறது. அந்த உயரத்தைத் தானே கழித்துக் கொள்ள வேண்டும். பிறர் வந்து கழிக்க மாட்டார்கள். நன்றி அவர்கள் கையைக் கட்டிவிடும்.

பெண்ணைக் கொடி என்றும் கணவனைக் கொழுகொம்பு என்றும் சொல்வது நம்மிடையே பழகிப் போன உவமை. கல்யாண வாழ்த்து மடல்களில் இன்றும் அது இருக்கிறது. உவமை சொன்னவர்கள் கொடியைச் சரியாகக் கவனித்தார்களா என்பது என் சந்தேகம். டார்வின் ஒரு வகைக் கொடிக்கு வழவழப்பான குச்சியை நட்டுப் பார்த்தார். அதன் பற்றுக்கம்பி முதலில் பிடித்தது. தனக்கு ஒத்து வராது என்று கண்டதும் பிடியைத் தளர்த்தி விலகிக் கொண்டது. கம்பளி நூலை வைத்தபோது இறுகப் பற்றியது. தேடுவது கொடி, தேர்ந்தெடுப்பது கொடி, பொருந்தாததை விட்டுவிடுவதும் கொடி. கொம்பு செய்கிற காரியம் நிற்பது ஒன்றே. உவமையை முழுவதும் ஏற்றுக் கொள்ளத் தயார் என்றால் நம் வீட்டுப் பெண்களுக்கு அந்த விலகும் உரிமையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

பாரியின் கதைக்கும் ஒரு மறுநாள் உண்டு. மூவேந்தரும் சேர்ந்து பறம்பைச் சூழ்ந்தார்கள், பாரி மாண்டான். அவனுடைய பெண்கள் இருவரும் திக்கற்று நின்றார்கள். காட்டுக் கொடிக்குத் தேர் கொடுத்தவனுடைய மக்களுக்குப் பற்றுக்கோடு இல்லை. பாரியின் நண்பர் கபிலர் அவர்களை அழைத்துக் கொண்டு விச்சிக்கோனிடம் போனார், இருங்கோவேளிடம் போனார். இவர்களை மணந்து கொள் என்று கேட்டார். இருவரும் மறுத்துவிட்டார்கள். தேர் கொடுக்கிற பாரி ஒருவன்தான் இருந்தான், அவனும் போய்விட்டான்.

ஆனால் அந்தப் பெண்கள் ஒரு சிறு பாட்டுப் பாடினார்கள். முன் மாதத்து நிலவில் தந்தையும் இருந்தார், மலையும் இருந்தது. இந்த மாதத்து நிலவில் இரண்டும் இல்லை என்பதுதான் அதன் பொருள். புறநானூற்றில் பாரி மகளிர் பெயரால் அது இருக்கிறது. அவர்களை வேண்டாம் என்ற மன்னர்களுடைய பெயரை நாம் இன்று பெரும்பாலும் நினைப்பதே, அவர்கள் வேண்டாம் என்று சொன்னதற்காகத்தான். பாட்டோ இரண்டாயிரம் ஆண்டு ஓடியும் பட்டுப் போகாமல் நிற்கிறது. எத்தனையோ பேர் துயரம் வந்த வேளையில் அதைப் பிடித்துக் கொண்டு நின்றிருக்கிறார்கள். கொடி என்று நினைத்து நாம் யாருக்குக் கொம்பு தேடினோமோ, அவர்களே ஒரு நாள் பிறருக்குக் கொம்பாகிவிடுவதும் உண்டு. அவர்கள் அந்த அளவுக்கு வளர நாம் கொஞ்சம் வெளிச்சம் விட்டு விலகி நின்றால் போதும்.